கூம்பைக் குறை சொல்லுமுன் கிராஸ்ஓவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிழாக் காலம் வந்தால் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் பறிமுதல்’ என்ற செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. படிக்கிறவர்கள், கூம்பு என்றாலே காதைக் கிழிக்கிற சாமான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே கூம்பை மரத்தில் இழைத்து, வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகப் பொறுமையாகக் கட்டுகிறவர்களும் இந்த நீலகிரி மலையில் இருக்கிறார்கள். மைக் செட்காரர், பொழுதுபோக்காகக் கட்டுகிறவர் இருவருக்கும் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது: கூம்புக்குள் எந்த அதிர்வெண்ணை விடுகிறோம், எதை வாசலிலேயே நிறுத்துகிறோம் என்பதில். நிறுத்துகிற வேலை, ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து அனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவருடையது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூம்பு சத்தத்தை உண்டாக்குவதில்லை. கூம்பின் பின்னால் பூட்டும் யூனிட்டுக்குள் இருக்கும் சின்ன டயாபிரம் (அதிரும் தகடு) காற்றைத் தள்ளும்போது, எதிரே பிடிமானம் இல்லாவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். மின்சாரத்தின் பெரும்பகுதி, டயாபிரத்தை ஆட்டும் கம்பிச்சுருளான காயிலைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். மெல்ல மெல்ல அகலும் கூம்பு அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88, 90 டெசிபல் தந்தால், நல்ல கூம்பு யூனிட் 105 முதல் 110 வரை தரும். 20 டெசிபல் வித்தியாசம் என்பது திறனில் 100 மடங்கு. 1920-களில் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சில வாட்களே கொடுத்தன. அதை வைத்துக்கொண்டு பேசும் படத்தைத் தியேட்டர் முழுக்கக் கேட்கச் செய்ய முடிந்தது கூம்பால்தான். வென்ட், துராஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உருவாக்கி 1926-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் வெளியிட்ட 555 என்ற யூனிட்டின் வழிவந்தவைதான் இன்று கோயில் கோபுரத்தடியில் தொங்குகிற யூனிட்டும்.

ஆனால் ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு கீழெல்லை உண்டு. அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் பிடிமானம் போய்விடும். எக்ஸ்பொனென்ஷியல் கூம்புக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: 1890-ஐக் கீழெல்லை ஹெர்ட்ஸால் வகுத்தால், எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை கூம்பின் குறுக்குப் பரப்பு இரட்டிக்க வேண்டும் என்று தெரியும். 500 ஹெர்ட்ஸ் கூம்பு 3.8 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்கும். 300 என்றால் 6.3 செ.மீ. அதைவிட வேகமாக அகன்றால் கீழெல்லை மேலே ஏறிவிடும். இது அகலும் வேகத்தின் கணக்கு. வாயின் அளவுக்குத் தனிக் கணக்கு: வாயின் சுற்றளவு, கீழெல்லை அதிர்வெண்ணின் ஒரு அலைநீளமாவது இருக்க வேண்டும். 500 ஹெர்ட்ஸுக்கு அது 68.6 செ.மீ, விட்டம் சுமார் 22 செ.மீ. வாயைச் சிறிதாக்கிவிட்டு ‘என் கூம்பு 300 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்’ என்று சொல்பவர்களிடம் ஒரு அளவு நாடாவைக் கொடுத்துவிட்டால் போதும்.

இப்போது மைக் செட்டுக்கு வருகிறோம். மடிப்புக் கூம்பில் பூட்டிய யூனிட் பேச்சுக்கானது. இன்று அதில் போவதோ பேஸ் நிறைந்த சினிமாப் பாட்டு. 60, 80 ஹெர்ட்ஸ் மேளத்துக்குக் கூம்பில் எந்தப் பிடிமானமும் இல்லை. டயாபிரம் வெறுமனே முன்னும் பின்னும் அடித்துக்கொள்கிறது. அந்த ஆட்டத்தின் மேலேயே பாடகரின் குரலும் சவாரி செய்வதால் குரல் நசுங்கிக் கரகரக்கிறது. கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட அலையிலிருந்து மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்கள் கிளம்பி, மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கிற 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் போய் விழுகின்றன. கூம்பின் பலமும் அங்கேயேதான். ஊர் ‘கூம்பு ஸ்பீக்கர்’ என்று திட்டுவது இந்தச் சத்தத்தைத்தான். சீசன் முடிவதற்குள் டயாபிரம் விரிசல் விடுவதும் காயில் எரிவதும் இதே காரணத்தால்தான்.

வைத்தியம் ஒரே ஒரு கெப்பாசிட்டர். 16 ஓம் யூனிட்டின் ஒரு வயரில் 25 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டால் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட ஆரம்பிக்கும். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் 25 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ‘ரன்’ கெப்பாசிட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். உள்ளே இருப்பது பாலிப்ராப்பிலீன் பிலிம், இந்த வேலைக்கு நல்ல சரக்கு. ‘ஸ்டார்ட்’ கெப்பாசிட்டரை வாங்கிவிடக் கூடாது. அது எலக்ட்ரோலிட்டிக் வகை, சில நொடிகள் மட்டும் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. தூர ஒயரிங்குக்கு 100 வோல்ட் லைன் பயன்படுத்துகிறவர்கள் கெப்பாசிட்டரை லைன் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கம், அதாவது லைன் வந்து சேரும் பக்கம் போட வேண்டும். அங்கே கணக்கு வேறு: 30 வாட் டிரான்ஸ்ஃபார்மர் லைனுக்கு 333 ஓம் ஆகத் தெரியும்; அதற்கு 1 முதல் 1.5 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட் பிலிம் போதும். டிரான்ஸ்ஃபார்மரில் வாட்டைத் தேர்ந்தெடுக்கும் முனைகளில் (டேப்) 15 வாட்டில் இணைத்திருந்தால் அதில் பாதி. இப்படிப் போட்டால் யூனிட் மட்டுமல்ல, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் பேஸில் திணறாமல் தப்பிக்கும். கெப்பாசிட்டர் போடும்வரை, ஆம்ப்ளிஃபயரின் பேஸ் திருகையாவது முழுக்கக் குறைத்து வையுங்கள்.

அடுத்தது சத்தத்தின் அளவு. 1 வாட்டுக்கு 110 டெசிபல் தரும் கூம்பில் 30 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 125 டெசிபல் வரும். தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும் என்பது கணக்கு. 100 மீட்டரில் 85, 1 கிலோமீட்டரில் 65. காற்று உறிஞ்சுவதால் கீச்சொலி இன்னும் அதிகமாகவே குறையும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊரில்கூட வரம்பு மீறக்கூடும் என்பது இதில் தெரியும். மலையில் இன்னொரு தொந்தரவும் உண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடியும் தரைக்கே வரும். சூரியன் வருமுன் இது உச்சத்தில் இருக்கும். விடியற்காலையில் போடுகிற பக்திப் பாட்டு எதிர்மலை வரைக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்பது இதனால்தான். காலை 6 மணிக்கு முன் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது என்ற விதி, சமவெளியைவிட இங்கேதான் அதிகம் பொருந்தும்.

மரத்தின் உச்சியில் நாலு திசைக்கும் நாலு கூம்பு கட்டி ஆளுக்கு 30 வாட் கொடுப்பதற்குப் பதில், 3 மீட்டர் உயரத்தில், வாய் 10, 15 டிகிரி கீழே சாய்ந்து கூட்டத்தைப் பார்க்கும்படி வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 வாட் கொடுத்துப் பாருங்கள். 20 மீட்டரில் 84 டெசிபல் கிடைக்கும். அன்னதானப் பந்தியில் அறிவிப்புக் கேட்க இது தாராளம். 1 வாட் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 16 ஓம் யூனிட்டின் முனைகளில் பார்த்தால் சராசரியாக 4 வோல்ட். 30 வாட் டேப்பில் உள்ள 100 வோல்ட் லைனில் சுமார் 18 வோல்ட்.

நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் இங்கே. ‘90 டெசிபல் பதிவானது’ என்று செய்தி போடும்போது, எத்தனை மீட்டரில், எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தூரம் சொல்லாத டெசிபல், எடை போடும் தராசில் படிக்கல்லைச் சொல்லாதது போல.

இனி வீட்டுக் கூம்பு. முதல்முறை கட்டுகிறவர்கள் நேராக பேஸ் கூம்பில் கை வைக்கிறார்கள். வேண்டாம். 40 ஹெர்ட்ஸ் கூம்புக்குத் திறந்தவெளியில் வாய் 5.8 சதுர மீட்டர் வேண்டும். அறையின் மூலையில் வைத்தால் சுவர்களும் தரையுமே கூம்பின் நீட்சியாகி, அதில் எட்டில் ஒரு பங்கு போதும். பால் கிளிப்ஷ் 1946-இல் மூலைக் கூம்பை விற்க ஆரம்பித்தது இந்தத் தந்திரத்தில்தான். அப்படியும் அது அலமாரி அளவு. பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரான 12 அங்குல ஊஃபரைச் சாதாரணப் பெட்டியில் வைத்து, அதற்கு மேல் 1 அங்குல யூனிட்டுடன் ஒரு நடுத்தரக் கூம்பு வைப்பதே அறிவு.

500 ஹெர்ட்ஸ் எக்ஸ்பொனென்ஷியல் கூம்புக்கு அளவு இது. யூனிட்டைப் பூட்டும் குறுகிய முனையான தொண்டையில் விட்டம் 25.4 மி.மீ, 5 செ.மீ. தள்ளி 40, 10-இல் 63, 15-இல் 100, 20-இல் 159, 23.5 செ.மீ.யில் வாய், 218 மி.மீ. 12 மி.மீ. பிளைவுட்டில் 20 வளையங்கள் வெட்டி அடுக்கி ஒட்டினால் கூம்பு தயார். கடையில் 12 என்று விற்கும் பலகை பல சமயம் 12 இருக்காது. பத்துத் துண்டுகளை அடுக்கி அளந்து, வந்த தடிமனை வைத்து ஒவ்வொரு வளையத்தின் விட்டத்தையும் மறுபடி கணக்கிடுங்கள். ஒவ்வொரு வளையத்தையும் அதன் சிறிய பக்கத்து விட்டத்துக்கே வெட்ட வேண்டும். படிக்கட்டை அரத்தால் ராவி வழவழப்பாக்கும்போது வளைவு தானாக வந்துவிடும். பெரிய பக்கத்துக்கு வெட்டினால் பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வளைவைச் சரிபார்க்க அட்டையில் ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டைதான் உயிர்நாடி. யூனிட்டின் வாயும் கூம்பின் துளையும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் படி இருந்தாலும் உச்ச அதிர்வெண்ணில் அது வரைபடத்தில் பல்லைக் காட்டும். 1 அங்குல யூனிட்டுகளில் பலவற்றுக்கு 76 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 போல்ட். மைக் செட் யூனிட்டுகள் மரை வைத்தவை. நடுவில் வைக்கும் கேஸ்கெட் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வாயின் விளிம்பைக் கூராக விடாமல் 20, 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். பழைய அலுமினியக் கூம்பைப் பயன்படுத்தினால், விரலால் தட்டியதும் மணி போல ஒலிக்கும். வண்டியின் அடிப்பகுதிக்குப் பூசும் தார்ப் பூச்சை வெளிப்புறம் இரண்டு கை பூசினால் வாயடைத்துவிடும்.

கூம்பின் வளைவு டிராக்ட்ரிக்ஸா, எக்ஸ்பொனென்ஷியலா, வேவ்கைடா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. எக்ஸ்பொனென்ஷியல் உச்ச அதிர்வெண்ணில் டார்ச் வெளிச்சமாகக் குறுகிவிடும் என்பது உண்மை. கோணத்தைச் சீராக வைத்திருக்கும் வடிவங்களுக்கு 1970-களில் டான் கீல் வழி காட்டினார். பின்னால் எர்ல் கெடஸின் வேவ்கைடு கோட்பாடு வந்தது. ஆனால் அந்த வடிவங்களுக்கு உச்ச அதிர்வெண்ணைத் தூக்கிவிடும் ஈடுகட்டல் கட்டாயம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு எக்ஸ்பொனென்ஷியலே போதும்.

ஊஃபருக்கும் கூம்புக்கும் ஒலியை எந்த அதிர்வெண்ணில் பிரிப்பது? கூம்பின் கீழெல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல். எங்கள் பரிந்துரை 1200 ஹெர்ட்ஸ். 12 அங்குல ஊஃபர் 1200-இல் சுமார் 100 டிகிரி அகலத்துக்கு ஒலி பரப்பும். 2000-க்குப் போனால் 55 டிகிரியாகக் குறுகிவிடும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் குரலில் ஒரு குழி விழும். கீழே இறக்கினால் வேறு ஆபத்து: அதே சத்தத்துக்குப் பாதி அதிர்வெண்ணில் டயாபிரம் இரண்டு மடங்கு தூரம் ஆட வேண்டும். யூனிட்டின் தாளில் 1600-க்குக் கீழே வேண்டாம் என்று போட்டிருந்தால் அதை மதியுங்கள். 1200-இன் அலைநீளம் 28.6 செ.மீ. ஊஃபரின் மையத்துக்கும் கூம்பின் மையத்துக்கும் இடைவெளி அதற்குள் அடங்க வேண்டும். 12 அங்குல ஊஃபரும் 22 செ.மீ. கூம்பும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியாக அடங்கும்.

ஊஃபர் 95 டெசிபல், கூம்பு 107 என்றால் 12 டெசிபல் வெட்ட வேண்டும். இதற்கு எல்-பேட் என்ற, சத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் இணைப்பு: தொடராக 5.6 ஓம், யூனிட்டுக்குக் குறுக்கே 2.7 ஓம், இரண்டும் 10 வாட் செராமிக். இந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் எங்கே வைக்கிறார்கள் என்பதை வைத்தே கட்டியவருக்கு விஷயம் தெரியுமா என்று சொல்லிவிடலாம். கிராஸ்ஓவரில் அதிர்வெண்ணை வெட்டும் ஃபில்டருக்குப் பின்னால், யூனிட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கூம்பில் பூட்டிய யூனிட் 8 ஓம் என்று பெயருக்குத்தான். ஒத்ததிர்வில் 25, 30 ஓம் வரை எகிறும். புத்தகச் சூத்திரம் 8 ஓம் என்று நம்பிப் போட்ட ஃபில்டர் அங்கே வழிதவறி, பிரிக்கும் இடத்திலேயே ஒரு மேட்டைக் கிளப்பும். குறுக்கே 2.7 ஓம் இருந்தால், யூனிட் 8 ஓமாக இருக்கும்போது ஃபில்டர் பார்ப்பது 7.6 ஓம், 30-க்குப் போகும்போது 8.1. எகிறுவது கண்ணுக்கே தெரியாது. எல்-பேடை ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் இந்த நன்மை முழுக்கப் போய்விடும், கூம்பு ‘கத்துகிறது’ என்ற புகார்தான் மிஞ்சும். யூனிட்டின் உச்ச அதிர்வெண் சரிந்தால் 5.6 ஓமுக்குக் குறுக்கே 4.7 மைக்ரோ ஃபாரட் போடுங்கள்; 6000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் கொஞ்சம் திறந்துவிடும்.

ஒரு கெப்பாசிட்டரும் ஒரு காயிலும் சேர்ந்த இரண்டாம் படி ஃபில்டரில் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகைக்கு 1200 ஹெர்ட்ஸில், 8 ஓமில், கெப்பாசிட்டர் 8.3 மைக்ரோ ஃபாரட், காயில் 2.1 மில்லி ஹென்றி. 4 மைக்ரோ ஃபாரட் ஃபேன் கெப்பாசிட்டர் இரண்டை இணையாகப் போட்டால் 8 வந்துவிடும். புதிதாக வாங்குங்கள். பழைய ஃபேனில் கழற்றியது 4 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 3-கூட இருக்காது. அதனால்தானே ஃபேன் மெதுவாகச் சுற்றியது. வீட்டுச் சத்தத்துக்கு இரண்டாம் படி போதும். ஹாலை நிறைக்க வேண்டுமென்றால் யூனிட் பக்கம் மூன்றாம் படி: 11 மைக்ரோ ஃபாரட், குறுக்கே 0.8 மில்லி ஹென்றி, பிறகு 33 மைக்ரோ ஃபாரட்.

காயில் கடையில் வாங்க வேண்டியதில்லை. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி எடை போட்டுத் தருவார்கள். உள்விட்டம் 38 மி.மீ, அகலம் 19 மி.மீ. உள்ள மரச் சட்டத்தில் சுமார் 210 சுற்று சுற்றினால் 2.1 மில்லி ஹென்றி வரும். கம்பி 37 மீட்டர், எடை 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு, மின்தடை 0.55 ஓம் அளவில். கையால் சுற்றுவது அவ்வளவு நெருக்கமாக வராது. பத்துச் சுற்று கூடுதலாகச் சுற்றி, மில்லி ஹென்றியைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் பார்த்துக்கொண்டே பிரித்துக் குறையுங்கள். பலகையில் காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளித் தள்ளி வையுங்கள். நடுத்துளையில் இரும்பு போல்ட் போட்டு இறுக்கினால் அளவு மாறிவிடும். பித்தளை போல்ட் அல்லது பிளாஸ்டிக் டேக் போதும். ஊஃபருக்குக் குறுக்கே 8.2 ஓமும் 15 மைக்ரோ ஃபாரட்டும் தொடராகச் சேர்த்து, சோபெல் என்ற இணைப்பு ஒன்று வேண்டும்; உள்காயிலின் தடை 6 ஓம், இண்டக்டன்ஸ் 1 மில்லி ஹென்றி உள்ள ஊஃபருக்கான அளவு இது. இல்லாவிட்டால் மேலே போகப் போக ஊஃபரின் தடை ஏறி, ஃபில்டர் வெட்ட மறுக்கும்.

பிளஸ், மைனஸ் விஷயத்தில் புத்தகத்தை நம்பாதீர்கள். இரண்டாம் படி ஃபில்டரில் மேல் யூனிட்டைத் தலைகீழாக இணைக்கச் சொல்வார்கள். அது ஊஃபர், கூம்பு யூனிட் இரண்டின் உள்காயில்களும் ஒரே தளத்தில் இருக்கும்போது. கூம்பு யூனிட்டின் உள்காயில் பின்னால் தள்ளியிருக்கும். 1200 ஹெர்ட்ஸில் 14.3 செ.மீ. தள்ளியிருந்தாலே அரை அலை வித்தியாசம், தலைகீழாக்கியதற்குச் சமம். இரண்டு விதமாகவும் இணைத்து அளந்து பாருங்கள். தவறான இணைப்பில் 1200-இல் 20 டெசிபலுக்குக் குறையாத ஆழமான பள்ளம் விழுந்தால், மறுபடி மாற்றும்போது கூட்டு சரியாக இருக்கும். பள்ளம் ஆழமில்லாமலோ பக்கத்தில் நகர்ந்தோ இருந்தால், கூம்பை 1, 2 செ.மீ. முன்பின் நகர்த்துங்கள். காசு செலவில்லாத திருத்தம் இது ஒன்றுதான்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் போதும். கூம்பை வெட்டுமுன் டேவிட் மெக்பீனின் ஹார்ன்ரெஸ்ப் என்ற கூம்பு கணிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை ஒலியை ஓட்டிப் பார்க்கும் முதல் ஸ்வீப்பில் யூனிட்டுக்கு 33 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் தொடரில் கட்டாயம். மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது ஆம்ப்ளிஃபயர் ‘டப்’ என்று ஒரு அடி கொடுக்கும், 1 அங்குல டயாபிரம் அதைத் தாங்காது. மைக்கும் ஸ்பீக்கரும் தரையிலிருந்து 1 மீட்டர், நடுவே 1 மீட்டர் என்றால் தரை எதிரொலி 3.6 மில்லி செகண்ட் கழித்து வரும். அதற்கு முன்பே அளவீட்டை வெட்டிவிட்டால் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள வரைபடக் கோட்டை நம்பலாம். கீழே உள்ளது உங்கள் அறையின் ஜாதகம். கோட்டில் சுமார் 700 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அலை எழும்பினால் வாயிலிருந்து ஒலி திரும்பி வருகிறது, விளிம்பை இன்னும் உருட்டுங்கள். மைக்கை நகர்த்தும்போது பள்ளமும் நகர்ந்தால் அது எதிரொலி, கிராஸ்ஓவரில் கை வைக்காதீர்கள். ஸ்வீப்பில் 400-க்கும் 1000-க்கும் நடுவில் கரகரப்புக் கேட்டால் காந்த இடைவெளியில் தூசி அல்லது துரு.

உயரத்தின் சேதியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் சமவெளிக் காற்றுக்குப் போட்டவை. ஒலியின் வேகம் வெப்பநிலையைத்தான் பார்க்கும், உயரத்தைப் பார்க்காது. 30 டிகிரிச் சென்னைக்கும் 15 டிகிரி உதகைக்கும் வித்தியாசம் நூற்றுக்கு 3-க்கும் குறைவு. கூம்பின் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 2240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஊஃபர் சற்றுக் குறைவாகப் பாடும். டயாபிரத்துக்குப் பிடிமானமும் அதே அளவுக்குக் குறைவதால், சமவெளியில் 1000 ஹெர்ட்ஸில் பிரித்துத் தப்பித்த யூனிட்டை இங்கே 1200-க்கு ஏற்றுவதுதான் பத்திரம். மூடிய பெட்டியில் காற்றின் விறைப்பு நாலில் ஒரு பங்கு குறையும். பெட்டியை அந்த அளவுக்குச் சிறிதாக்கினாலும் பேஸின் குணம் கெடாது. துளை வைத்த பெட்டியின் ஒத்திசைவு மாறாது. கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொஞ்சம் குறைவு.

ஈரம் வேறு கதை. எம்டிஎஃப் பலகை இரண்டு மழைக்காலத்தில் விளிம்பில் ஊதிவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் வாங்கி, வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கை சீலர் அடியுங்கள். சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறதென்று நன்றாகக் காயாத பலகையில் கூம்பு கட்டினால், தை மாத வறட்சியில் ஒட்டு விட்டுவிடும். காகித டயாபிரம் உள்ள ஊஃபரில் பூஞ்சை பிடிக்கும், ஈரம் குடித்து எடை ஏறும். பயன்படுத்தாத யூனிட்டின் வாயை டேப் ஒட்டி மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் வையுங்கள். காந்த இடைவெளியில் துரு ஏறிவிட்டால் டயாபிரம் மாற்றியும் பயனில்லை. பனிமூட்டத்தில் வெளியே வைத்து அளக்க வேண்டாம். மைக்கின் கேப்ஸ்யூலில் ஈரம் கோத்து வெடிக்கும் சத்தத்தை யூனிட்டின் கோளாறு என்று நினைத்துக் கழற்ற ஆரம்பித்துவிடுவோம்.

இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள். 25 மைக்ரோ ஃபாரட் பத்தியை மட்டும் விட்டுவிட வேண்டாம், அடுத்த திருவிழாவுக்கு முன் அது வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிற சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.